இறக்கிய ஃபைல் போனில் எங்கே போய் உட்காருகிறது?

காரைக்குடியில் எந்த ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "இப்பத்தாங்க டவுன்லோட் பண்ணேன், எங்க போச்சுன்னே தெரியலயே." தேடுவது பட்டாவாக இருக்கலாம், வில்லங்கச் சான்றாக இருக்கலாம், இ-ஆதார், பல்லவன் ரயிலுக்கு எடுத்த டிக்கெட், அழகப்பா பல்கலைக்கழகத் தேர்வின் ஹால் டிக்கெட் என்று எதுவாகவும் இருக்கலாம். வரிசையில் ஆள் நிற்பதால் கடைக்காரர் மறுபடி ஒரு முறை இறக்கச் சொல்வார். ஓடிபி வரும்வரை காத்திருந்து இன்னொரு முறை இறக்கினால், முதல் ஃபைல் கிடக்கும் அதே இடத்தில், பெயருக்குப் பின்னால் (1) என்ற வாலோடு இரண்டாவதும் போய் உட்காரும். தேடுகிறவர் கண்ணில் இரண்டுமே படாது.

ஃபைல் அனேகமாகத் தொலைந்திருக்காது. "எங்கே இருக்கிறது?" என்று தேடத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும். எந்த ஆப் வழியாக வந்தது? போனில் உண்மையாகவே இறங்கியதா, திரையில் காட்டப்பட்டதோடு சரியா? முதல் கேள்வி இடத்தைச் சொல்லிவிடும். இரண்டாவது, தேடுவதில் பயன் உண்டா என்பதைச் சொல்லிவிடும்.

ஏன் எல்லாம் ஒரே இடத்தில் சேர்வதில்லை

ஆண்ட்ராய்டு போன்கள் 2008-ல் விற்பனைக்கு வந்தன. தொடக்க காலங்களில் மெமரியில் எழுத ஒரு ஆப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டால் அது நினைத்த இடத்தில் ஃபோல்டர் போடும். வாட்ஸ்அப் மெமரியின் மேல்மட்டத்திலேயே தன் பெயரில் ஒன்று போட்டது. மற்ற ஆப்களும் அப்படியே செய்தன. கண்டுபிடிக்க எளிதாகத்தான் இருந்தது, ஆபத்தும் அதில்தான் இருந்தது. டார்ச் அடிக்கும் ஆப் ஒன்று மெமரி அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டால், டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் ஆதாரையும் அதனால் படிக்க முடியும். 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 இதற்குக் கடிவாளம் போடத் தொடங்கியது. 2020-ல் வந்த ஆண்ட்ராய்டு 11 அதை இறுக்கிவிட்டது. பழைய போனில் கைபழகியவர்கள் புதுப்போன் வாங்கியதும் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் இந்த மாற்றம்.

செட்டிநாட்டு வீட்டில் புழங்கியவர்களுக்கு இன்றைய ஏற்பாட்டைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். வளவு, அதாவது வீட்டின் நடுமுற்றப் பகுதி, எல்லோருக்கும் பொது. அதைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், தனி, சாவியும் அவரவரிடம். போனிலும் டவுன்லோட், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், கேமரா படங்கள் சேரும் டிசிஐஎம் என்ற ஃபோல்டர்கள் பொதுவானவை. 'ஆண்ட்ராய்டு' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'டேட்டா' முழுக்கத் தனியறைகள். ஒவ்வொரு ஆப்புக்கும் ஒன்று. ஆண்ட்ராய்டு 11 முதல் ஃபைல் மேனேஜரால் அந்த அறைகளைத் திறந்து பார்க்க முடியாது. ஆப்பை நீக்கினால் அறையும் உள்ளே இருந்த பொருளும் சேர்ந்தே போய்விடும். பக்கத்திலேயே 'மீடியா' என்று இன்னொரு ஃபோல்டர் உண்டு. ஆப்பின் பெயரில் இருந்தாலும் ஃபைல் மேனேஜர் அதற்குள் போய்வரலாம். வாட்ஸ்அப் இப்போது குடியிருப்பது அங்கேதான்.

ஆக, குரோமில் இறக்கியது பொது இடத்துக்கு வரும், வாட்ஸ்அப்பில் வந்தது அதன் சொந்த இடத்துக்குப் போகும், ஜிமெயிலில் திறந்து மட்டும் பார்த்தது வெளியிலிருந்து எட்ட முடியாத இடத்தில் தற்காலிகமாகத் தங்கும். மூன்றையும் டவுன்லோட் ஃபோல்டரில் தேடினால் ஒன்றுதான் கிடைக்கும்.

குரோமில் இறக்கியவை

பட்டா, வில்லங்கச் சான்று, ஹால் டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில் வருபவை. குரோமைத் திறந்து, வலது மேல் ஓரத்து மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'டவுன்லோட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். போனின் மொழி தமிழ் என்றால் 'பதிவிறக்கங்கள்' என்றிருக்கும். கடைசியாக இறக்கியது மேலே நிற்கும். அங்கிருந்தே பெயர் மாற்றலாம், பகிரலாம். நீக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அந்தப் பட்டியலில் நீக்கினால் போனில் இருக்கும் ஃபைலே நீங்கிவிடும். உலாவல் வரலாற்றை அழிப்பது வேறு விஷயம், அதனால் இறக்கிய ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது. வரலாறு பதியாத இன்காக்னிட்டோ டேபில் இறக்கியது இந்தப் பட்டியலில் நிற்காமல் போகலாம். ஆனால் ஃபைல் டவுன்லோட் ஃபோல்டரில் இருக்கும்.

ஃபைல் மேனேஜர் வழியாகவும் அதே இடத்துக்குப் போகலாம். சாம்சங்கில் அதன் பெயர் 'மை ஃபைல்ஸ்', பல போன்களில் கூகுளின் 'ஃபைல்ஸ்', ஷாவ்மியில் 'ஃபைல் மேனேஜர்'. இன்டர்னல் ஸ்டோரேஜ் என்பதற்குள் 'டவுன்லோட்' என்ற ஃபோல்டர். உள்ளே போனதும் தேதி வாரியாக, புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்திவிடுங்கள். பெயர் வரிசையில் வைத்துவிட்டு நூற்றுக்கணக்கான ஃபைல்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதில்தான் பாதி நேரம் போகிறது.

மெமரி கார்டு போட்ட போன் என்றால் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். குரோமின் செட்டிங்ஸில் 'டவுன்லோட்ஸ்' பகுதியில், ஃபைல் இறங்க வேண்டிய இடம் இன்டர்னல் ஸ்டோரேஜா, கார்டா என்று இருக்கும். அங்கே கார்டு என்றிருந்தால், இன்டர்னல் ஸ்டோரேஜில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. பழைய ஆண்ட்ராய்டுகளில் கார்டின் மேல்மட்டத்திலும் இருக்காது. கார்டுக்குள் 'ஆண்ட்ராய்டு', 'டேட்டா' என்று இறங்கி குரோமின் பெயர் கொண்ட ஃபோல்டர்வரை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் எங்கே வைப்பது என்று கேட்கச் சொல்லும் வசதியும் அதே செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அதை இயக்கி வைப்பது நல்லது. இறக்கும் நேரத்தில் இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு தேட வேண்டியிருக்காது.

அரசுத் தளங்களில் சிக்கல் வேறு விதம். பட்டனை அழுத்தினால் ஆவணம் புதிய டேபில் திறக்கப் பார்க்கும், குரோம் அதைப் பாப்-அப் என்று தடுத்துவிடும். தடுத்ததைச் சொல்லும் சிறு அறிவிப்பு திரையில் வந்து போகும். அதில் அனுமதி கொடுத்து மறுபடி பட்டனை அழுத்தினால் வந்துவிடும். ஆவணம் பிடிஎஃப்பாக வராமல் வெறும் பக்கமாகத் திறந்தால், மூன்று புள்ளி, 'ஷேர்', 'பிரின்ட்' என்று போய், பிரின்டர் பெயர் இருக்கும் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்று மாற்றிச் சேமியுங்கள். மெனுவில் மேலேயே இருக்கும் கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்திவிடாதீர்கள். அது பக்கத்தை எம்எச்டிஎம்எல் என்ற வகையில் சேமிக்கும். உங்கள் குரோமில் அது திறக்கும், கடைக்காரரின் கணினியில் பிரின்ட் எடுக்கப் போனால் தகராறு செய்யும்.

ஃபைல் இருக்கிறது, திறக்கவில்லை என்றால் முதலில் அதன் அளவைப் பாருங்கள். பிடிஎஃப் என்று பெயர் இருந்தும் அளவு இரண்டு மூன்று கேபி மட்டும் என்றால் அது ஆவணமாக இருக்க வாய்ப்பில்லை. நெடுநேரம் திறந்தே வைத்திருந்ததில் தளம் உங்களை வெளியேற்றியிருக்கும், 'மறுபடி உள்நுழையவும்' என்ற பக்கம்தான் பிடிஎஃப் பெயரில் இறங்கியிருக்கும். திரும்ப லாகின் செய்து இறக்குவதுதான் வழி. பெயரின் கடைசியில் 'சிஆர்டவுன்லோட்' என்று இருந்தால் பாதியில் நின்றுபோன ஃபைல். பெயரை மாற்றித் திறக்க முயல்வதில் பயனில்லை. குரோமின் டவுன்லோட்ஸ் பட்டியலுக்குப் போய், அதைத் தொட்டுத் தொடரச் சொல்ல வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்தவை

காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப்பேர் ஊரில், மீதிப்பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். பொது வீட்டின் பத்திர நகல், கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகை, இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்த ஓலையின் ஸ்கேன், எல்லாமே குடும்பக் குரூப்பில்தான் சுற்றுகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

குரூப்பில் ஃபைலின் பெயர் தெரிவதாலேயே அது உங்கள் போனில் இருக்கிறது என்று ஆகாது. பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. ஆட்டோ டவுன்லோட் எதற்கெல்லாம் என்பது வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதியில் இருக்கிறது. மொபைல் டேட்டாவில் படங்கள் மட்டும் தானாக இறங்குமாறு வைத்திருந்தால், பிடிஎஃப் நீங்கள் தொடும்வரை அங்கேயே நிற்கும். மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் வாட்ஸ்அப்பின் சர்வரிலிருந்தே நீங்கிவிடும். பிறகு தொட்டால் கிடைக்கவில்லை என்றுதான் செய்தி வரும். அப்போது அனுப்பிய அண்ணனிடமோ அத்தானிடமோ கேட்டு மறுபடி அனுப்பச் சொல்வதைத் தவிர வழியில்லை. பத்திரம், ரசீது மாதிரியானவற்றை வந்த அன்றே தொட்டுத் திறந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

வந்தது தெரியும், எந்த நாள் என்பது நினைவில்லை என்றால் குரூப்பில் மேலே மேலே தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். குரூப்பின் பெயரைத் தொட்டு, 'மீடியா, லிங்க்ஸ், டாக்ஸ்' என்பதற்குள் 'டாக்ஸ்' பகுதிக்குப் போனால் பிடிஎஃப்கள் மட்டும் மாதவாரியாக நிற்கும். எந்த குரூப் என்பதே நினைவில்லை என்றால், வாட்ஸ்அப்பின் முதல் பக்கத்துத் தேடல் பெட்டியைத் தொட்டு, 'டாக்குமென்ட்ஸ்' என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, பெயரில் நினைவிருக்கும் ஒரு சொல்லை அடியுங்கள். எல்லா உரையாடல்களிலும் தேடும்.

ஃபைல் மேனேஜரில் போக வேண்டிய பாதை இது: இன்டர்னல் ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா, வாட்ஸ்அப் டாக்குமென்ட்ஸ். நீளமான பாதைதான், ஆனால் ஒருமுறை போய்ப் பழகிவிட்டால் கை தானாகப் போகும். அதற்குள்ளேயே 'சென்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. நீங்கள் பிறருக்கு அனுப்பிய ஆவணங்களின் நகல் அங்கே தங்கியிருக்கும். மூல ஃபைலைத் தவறுதலாக நீக்கிவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அங்கிருந்து எடுக்கும்போது நகல் எடுங்கள், நகர்த்தாதீர்கள். நகர்த்திவிட்டால் உரையாடலில் அதே ஃபைலைத் தொடும்போது வாட்ஸ்அப்புக்கு அது கிடைக்காது. உரையாடலை மொத்தமாக அழிக்கும்போது மீடியாவையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அவசரத்தில் அதைப் படிக்காமல் 'சரி' சொல்வதில்தான் பத்திர நகல்கள் காணாமல் போகின்றன. குரூப்பில் செய்திகள் தானாக மறையும் ஏற்பாடு 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று இருக்கலாம். அப்படிப்பட்ட குரூப்பில் வரும் ஆவணத்தை உடனே டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்கு நகல் எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பையே நீக்கி மறுபடி போடப் போகிறீர்கள் என்றாலும், முதலில் தேவையானவற்றை வெளியே எடுத்துவிடுங்கள்.

சிலர் இந்திய எண்ணுக்கு ஒன்று, சிங்கப்பூர் எண்ணுக்கு ஒன்று என்று போனின் 'டூயல்' வசதியில் இரண்டு வாட்ஸ்அப் வைத்திருப்பார்கள். போன் அந்த இரண்டாவதைத் தனியான ஒரு பயனராகவே நடத்துகிறது. அதன் ஃபைல்கள் மேலே சொன்ன பாதையில் இருக்காது. அந்த இரண்டாவது வாட்ஸ்அப்பைத் திறந்து 'ஷேர்' வழியாக வெளியே எடுப்பதே சுருக்கு வழி.

பத்திரத்தையோ இசைகுடிமானத்தையோ படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். போன் திரையில் படிக்கலாம், ஏ4 தாளில் அச்சடித்தால் முத்திரையின் எழுத்து கலங்கிப்போகும். எச்டி என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் முழுதாகப் போய்விடாது. அனுப்புகிறவரிடம் 'டாக்குமென்டாக அனுப்புங்கள்' என்று சொல்லி வாங்குங்கள். அந்த வழியில் 2 ஜிபி வரை ஃபைல் சுருங்காமல் வரும். பங்காளிகள் பெயர் வரிசையாக நிற்கும் நாற்பது பக்கப் பத்திரத்தின் ஸ்கேன்கூட அதற்குள் தாராளமாக அடங்கும்.

இறங்கவே இறங்காதவை

ஜிமெயிலில் இணைப்பைத் தொட்டால் ஃபைல் திறக்கும், படிக்கலாம், மூடிவிடுவோம். அப்போது அது பொது இடத்துக்கு வந்திருக்காது. கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொட்டால்தான் டவுன்லோட் ஃபோல்டருக்கு வரும். 25 எம்பிக்கு மேற்பட்ட இணைப்பை ஜிமெயில் டிரைவ் லிங்க்காக மாற்றி அனுப்பும். லிங்க் வந்திருப்பதும் ஃபைல் வந்திருப்பதும் ஒன்றல்ல. நெட் இல்லாத சார்பதிவாளர் அலுவலகக் கூடத்தில் அது திறக்காது. டிரைவில் மூன்று புள்ளியைத் தொட்டு 'டவுன்லோட்' கொடுத்தால்தான் அது உங்கள் போனுக்கு வரும். 'ஆஃப்லைன்' என்று குறித்தவை டிரைவ் ஆப்புக்குள் மட்டும் திறக்கும், ஃபைல் மேனேஜரில் தெரியாது.

அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரும் அப்படியே. வழங்கப்பட்ட ஆவணங்கள் வரிசையாகத் தெரிந்தாலும், பிடிஎஃப்பாக இறக்கும்வரை போனில் எதுவும் இல்லை. யூடியூபில் இறக்கிய பாட்டை ஃபோல்டரில் தேட வேண்டாம். அது யூடியூபுக்குள் மட்டும் ஓடும்படி பூட்டியது.

ஐபோனில்

2017-ல் ஐஓஎஸ் 11 வந்த பிறகுதான் ஐபோனில் 'ஃபைல்ஸ்' என்ற ஆப் வந்தது. சஃபாரியில் நேராக டவுன்லோட் செய்யும் வசதி 2019-ல், ஐஓஎஸ் 13-ல் வந்தது. சஃபாரியில் இறக்கியது 'ஃபைல்ஸ்' ஆப்பில், ஐகிளவுட் டிரைவுக்குள் அல்லது 'ஆன் மை ஐபோன்' என்பதற்குள் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரில் இருக்கும். இரண்டில் எது என்பது சஃபாரியின் செட்டிங்ஸைப் பொறுத்தது. ஒன்றில் இல்லை என்றால் மற்றதையும் பாருங்கள். வாட்ஸ்அப் ஆவணங்கள் வாட்ஸ்அப்புக்குள்ளேயே இருக்கும். திறந்து, பகிரும் குறியைத் தொட்டு, 'சேவ் டு ஃபைல்ஸ்' கொடுத்தால் வெளியே வரும்.

கிடைத்தும் திறக்காதபோது

கடவுச்சொல் கேட்டால் ஃபைல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இ-ஆதாருக்குக் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதையொட்டிப் பிறந்த ஆண்டு, மொத்தம் எட்டு. செட்டிநாட்டுப் பெயர்களில் இரண்டு மூன்று இனிஷியல்கள் வரிசையாக நிற்பது வழக்கம் என்பதால் இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். ஆதாரில் இனிஷியல் பெயருக்கு முன்னால் அச்சாகியிருந்தால் அதையும் எண்ண வேண்டும். புள்ளி வைத்து அச்சாகியிருந்தால் அந்தப் புள்ளியும் நான்கில் ஒன்று. இடைவெளி கணக்கில் வராது. 'பி. குமார்' என்று இருந்தால் பி, புள்ளி, கே, யு, அதன்பின் ஆண்டு. வீட்டில் கூப்பிடும் பெயரையோ வங்கியில் இருக்கும் பெயரையோ வைத்து அடித்தால் திறக்காது. ஆதாரில் அச்சாகியிருப்பதுதான் கணக்கு.

பெயரின் கடைசியில் பிடிஎஃப் என்ற வால் இல்லாமலோ 'பின்' (bin) என்ற வாலோடோ சில ஃபைல்கள் இறங்கும். எந்த ஆப்பில் திறப்பது என்று போனுக்குப் புரியாது. அளவு சரியாக இருந்தால், பெயர் மாற்றும் வசதியில் போய்க் கடைசியில் புள்ளி வைத்துப் பிடிஎஃப் என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் பெரும்பாலும் திறந்துவிடும்.

தவறுதலாக நீக்கியிருந்தால் பதற வேண்டாம். சாம்சங்கின் 'மை ஃபைல்ஸ்', கூகுளின் 'ஃபைல்ஸ்' இரண்டிலும் குப்பைத்தொட்டி உண்டு. அங்கே போட்டது 30 நாள் வரை இருக்கும். குரோமின் பட்டியலில் நீக்கியதற்கு இந்தக் காப்பு இல்லை. அதனால் நீக்குவதை எப்போதும் ஃபைல் மேனேஜரிலேயே செய்யுங்கள்.

வைக்கும் முறை

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் வீட்டுக்கென ஒரு ஃபோல்டர் போட்டு, இறக்கிய உடனே பெயர் மாற்றி அங்கே வைப்பது நல்ல பழக்கம். தளங்கள் கொடுக்கும் பெயர்கள் எண்களின் கூட்டமாக இருக்கும், தேடலில் அகப்படாது. ஆவணம், ஊர், ஆண்டு மூன்றும் பெயரில் இருந்தால் போதும். தமிழிலும் பெயர் வைக்கலாம், போன் ஏற்றுக்கொள்ளும். ஆனால் சில அரசுத் தளங்களில் மேலேற்றும்போது தமிழ் எழுத்தோ இடைவெளியோ உள்ள பெயரை ஏற்பதில்லை. அப்படி ஏற்ற வேண்டியவற்றுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரின்ட் எடுக்க ஆதாரைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அனுப்பியது அந்தக் கடையின் போனிலும் கணினியிலும் தங்குகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அந்தப் போன் நாளை யார் கைக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலேயே தேர்ந்தெடுத்து இறக்கலாம். அது போதும் என்கிற இடத்தில் அதையே கொடுங்கள். முழு ஆதார்தான் வேண்டும் என்றால், பிரின்ட் கைக்கு வந்ததும் கடையில் நிற்கும்போதே அந்தச் செய்தியை 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்கள். கணினியில் இறக்கிய நகலையும், அதன் ரீசைக்கிள் பின்னில் கிடப்பதையும் நீக்கச் சொல்லி, நீக்கியதைப் பார்த்துவிட்டுப் படியிறங்குங்கள்.